படியில் நிற்கும் ஜெரேனியங்கள்

“உள்ள போங்க, உள்ள தள்ளிப் போங்க, படியில நிக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே ஒரு ஜெரேனியப் பூந்தொட்டியைச் சுவரோரமாக நகர்த்துகிறார் கண்டக்டர். தொட்டி நகர்கிறது. தள்ளியதால் நகர்ந்ததா, அதட்டியதால் நகர்ந்ததா என்று கேட்டால் அந்தக் குடியிருப்பில் பாதிப் பேர் அதட்டலின் பக்கம்தான் சாட்சி சொல்வார்கள். அந்தக் குரலின் மகிமை அப்படி. ஒருநாள் நெரிசலில் அவர் போட்ட சத்தத்தில் பயணிகளோடு சேர்ந்து பேருந்தும் ஓர் அடி முன்னால் போய் நின்றதாம். ஓட்டுநர் அப்போது கீழே இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாராம்.

ஆளைப் பார்த்தாலே தொழில் தெரிந்துவிடும். தோல்பை தொங்கித் தொங்கி இடது தோள் சற்று இறங்கிவிட்டது. நின்ற இடத்தில் காலை அகட்டியே நிற்பார், வீட்டுக் கூடத்திலும் யாராவது திடீரென்று பிரேக் போட்டுவிடுவார்கள் என்பதுபோல. கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி ஏறுவார். விரல் நுனிகளில் ஜெரேனிய இலையின் வாசனை எப்போதும் இருக்கும். எலுமிச்சைத் தோலும் இரும்பும் கலந்தாற்போல ஒரு காரமான வாசனை அது. அவர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்க்கும் பயணிகள் உண்டு.

பனிக்காலம் தொடங்குவதைப் பற்றி வானிலை அறிக்கை சொல்வதை அவர் காதில் வாங்குவதில்லை. விடியற்காலை முதல் நடைக்குப் போகும்போது பேருந்தின் கைப்பிடிக் கம்பியைத் தொட்டுப் பார்ப்பார். கம்பி விரலைக் கடித்தால் அன்று சாயங்காலமே வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்.

“இறக்குங்க, இறக்குங்க. இன்னைக்கு ராத்திரி வெளிய விட்டீங்கன்னா காலைல வேகவச்ச கீரையாத்தான் எடுக்கணும்.”

கோடை முழுக்க அந்தக் கட்டடத்தின் முகத்தில் பால்கனிக்குப் பால்கனி, ஜன்னலுக்கு ஜன்னல் பூத்துத் தொங்கிய தொட்டிகள் எல்லாம் அன்றைக்கு ஒவ்வொன்றாகப் படிக்கட்டுக்கு வந்து சேரும். சூடேற்றும் வசதி இல்லாத படிக்கட்டு அது. நெடுக ஓர் உயரமான ஜன்னல். வெளிச்சம் உண்டு, கதகதப்பு கிடையாது. ஜெரேனியம் தூங்குவதற்கு அதைவிடத் தோதான இடம் ஊரிலேயே இல்லை என்பது கண்டக்டரின் கட்சி. வீட்டுக்குள் ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் செடி தூங்காது. வெளிச்சமும் போதாமல், தூக்கமும் இல்லாமல், வெளுத்து நெட்டையாக வளர்ந்து சீக்காளியாகும்.

கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து அவர் கத்தரியைக் கையில் எடுத்தால் ஜனங்கள் தங்கள் தொட்டியை ஓர் அடி பின்னால் இழுத்துக்கொள்வார்கள். பூ, மொட்டு, தளதளவென்ற கிளை எதையும் பார்க்கமாட்டார். ஒரு சாண் கட்டை மிஞ்சும்படி வெட்டிவிடுவார். வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு செடியிடமும் “கொஞ்சம் பொறுத்துக்க” என்று ஒரு வார்த்தை சொல்வார். செடிக்காரர்களிடம் அதைக்கூடச் சொல்வதில்லை.

“அந்த ஒரு பூங்கொத்தையாவது விடக்கூடாதா? நேத்துதான் விரிஞ்சது” என்பார் மூன்றாம் மாடி டீச்சரம்மா, வருஷம் தவறாமல்.

“தூங்கப் போறவங்க தலைல பூ எதுக்கு டீச்சர்?”

“சரி, ஜன்னல் ஓரமாவது என்னுதுக்கு இடம் போடுங்க. போன தடவ மூலையில தள்ளிட்டீங்க.”

“முன்பதிவு எல்லாம் கிடையாது. வர்ற வரிசைதான்.”

அப்புறம் குளிர்காலம் முழுக்கத் தண்ணீருக்கு அவர் காட்டும் கஞ்சத்தனம் இருக்கிறதே, அதைப் பார்த்துக் குடியிருப்பில் பலர் பதறியிருக்கிறார்கள். மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பார். நுனிவரை காய்ந்திருந்தால்தான் ஒரு மடக்கு. இரக்கப்பட்டு யாராவது செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் குறுக்கே நிற்பார். “தூங்குற பயணிய எழுப்பி எதுக்குங்க தண்ணி குடுக்கணும்? இறங்குற இடம் வந்தா நானே எழுப்புவேன்.”

இந்தச் சட்டதிட்டத்துக்கெல்லாம் கட்டுப்பட்டும் அவரோடு சண்டை போட்டவர் ஒருவர் உண்டு. இரண்டாம் மாடியில் தையல் மெஷின் போட்டிருக்கும் மாஸ்டரின் மனைவி. உறவு இல்லையென்றாலும் கண்டக்டர் அவரை அண்ணி என்றே கூப்பிடுவார். அண்ணியின் ஜெரேனியம் அந்தக் கட்டடத்தில் வேறு யாரிடமும் இல்லாத ஜாதி. வெளுத்த ரோஜா நிறம், ஒவ்வோர் இதழிலும் ஊசி ஓட்டினாற்போல் மெல்லிய சிவப்புக் கோடுகள். தொட்டியைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். “பாத்து வெட்டுங்க தம்பி. குழந்தைக்கு மொட்டை போடற மாதிரி போடாதீங்க.” கத்தரிச் சத்தம் நின்ற பிறகும் திரும்பமாட்டார். “முடிஞ்சுதா தம்பி?” என்று கேட்டு, முடிந்தது என்று உறுதியான பிறகே திரும்பி, “பாவி, எல்லாத்தையும் எடுத்துட்டீங்களே” என்று திட்டுவார். வசந்தத்தில் அதே செடி இரண்டு மடங்காகத் தழைத்து வரும்போது திட்டியதையெல்லாம் மறந்திருப்பார்.

போன கோடையில் அண்ணி இறந்துபோனார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. செடி மட்டும் எதுவும் தெரியாததுபோல இலையுதிர்காலம்வரை பூத்துத் தள்ளியது.

கைப்பிடிக் கம்பி விரலைக் கடித்த அன்றைக்குக் கண்டக்டர் இரண்டாம் மாடிக் கதவைத் தட்டினார். மாஸ்டர் கதவைப் பாதி திறந்தார்.

“மாஸ்டர், தொட்டி…”

“அது இங்கயே இருக்கட்டும்.”

“உள்ள சூடு ஜாஸ்தி மாஸ்டர். வெட்டி, படியில வச்சாத்தான்…”

“அவ வச்சது. அதுல யாரும் கத்தரி வைக்கக் கூடாது.”

நாள் முழுக்கக் கத்தரியும் கையுமாக வாழ்கிற மனிதர் சொன்ன சொல் அது. எதிரே நிற்பவரும் எதற்கும் பதில் வைத்திருக்கிற ஆள்தான். அன்றைக்குக் கண்டக்டர் அந்தக் கதவைத் தானே மெல்லச் சாத்திவிட்டு வந்தார். படியிறங்கி வந்து வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். டீச்சரம்மாவின் செடியை வெட்ட எடுத்தவர் வெட்டாமல் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பூங்கொத்தை விட்டுக்கூட வைத்தார். டீச்சரம்மா பயந்துபோய், “உடம்பு ஏதும் சரியில்லையா?” என்று விசாரித்தார்.

கண்டக்டருக்குத் தெரியும், அந்தச் செடி பிழைக்காது. மாஸ்டர் அதை ஹீட்டர் பக்கம் வைத்திருக்கிறார். அண்ணி கோடையில் ஊற்றியதைப் போலத் தினமும் தண்ணீர் ஊற்றப்போகிறார். அடித்தண்டு கறுத்து, அழுகி, ஒருநாள் சாயும். சாய்ந்த பிறகு அந்த நிறத்தை இனி எங்கே போய்த் தேடுவது? மாஸ்டரின் முகத்தை அப்புறம் எப்படிப் பார்ப்பது?

டிக்கெட் விஷயத்தில் கண்டக்டரைப்போல் கறாரான ஆள் பணிமனையிலேயே இல்லை. சொந்த மாமனாரை ஒருமுறை நடுவழியில் இறக்கிவிட்டவர். மாமனார் இன்னும் பேசுவதில்லை. அதனால் வீட்டில் நிம்மதி என்று அவர் சொல்வார், மனைவி காதில் விழாதபோது. அப்பேர்ப்பட்டவர் இரண்டு நாள் கழித்து தன் காக்கிக் கால்சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, நன்றாயிருந்த கால்மடிப்பை ஊசியால் நெம்பி நெம்பிப் பிரித்தார். பிரித்ததை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனார்.

“மடிப்பு விட்டுப்போச்சு மாஸ்டர்.”

மாஸ்டர் வாங்கிப் பார்த்தார். பிரிந்த விளிம்பை விரலால் ஒருமுறை தடவினார். “காக்கி நூல் உள்ள இருக்கு” என்று எழுந்து போனார்.

ஜன்னலோரம் செடி இருந்தது. கண்டக்டர் இரண்டே எட்டில் அதனிடம் போய், பின்பக்கமாகப் பார்த்து ஒரு கிளையைக் கணுவுக்குக் கீழே விரலால் ஒடித்தார். ஜெரேனியம் சத்தமில்லாமல் ஒடியும் என்று அவர் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவர் காதில் அது வேட்டுப்போல் கேட்டது. கிளையைச் சட்டைப்பையில் திணித்து, மூடியைப் பொத்தான் போட்டு, மாஸ்டர் வருவதற்குள் நின்ற இடத்துக்கே வந்து காலை அகட்டி நின்றுகொண்டார்.

கீழ்த்தளத்தில் தன் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

“என்னங்க, சட்டையில ஜெரேனிய வாசனை?”

“என் சட்டையில வேற என்ன வாசனை வரும்?”

“கை வாசனை வேற, பை வாசனை வேற. நசுங்குன வாசனைல்ல இது? திறங்க பைய.”

திறந்தார். ஓர் இலை கசங்கியிருந்தது. சூட்டில் வாடிய மற்ற இலைகளுக்கு நடுவே நுனியில் ஒரே ஒரு பூ மட்டும் வெளுத்த ரோஜா நிறத்தில் எட்டிப் பார்த்தது. அந்தக் கட்டடத்தில் அந்த நிறத்துக்கு விளக்கம் தேவையில்லை.

“கேட்டா வாங்குனீங்க?”

அவர் கசங்கிய இலையை விரலால் நீவினார்.

“உங்க பஸ்ஸுல எவனாவது இப்பிடி ஏறுனா என்ன பண்ணுவீங்க கண்டக்டர் சார்? எங்கப்பாவையே இறக்கி விட்ட ஆளு.”

“கைக்குழந்தைக்கு டிக்கெட் இல்ல” என்றார் கண்டக்டர், தரையைப் பார்த்து. “நாலு இலை வந்த பொறவுதான் டிக்கெட்.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் ஒரு சின்னத் தொட்டியை எடுத்து வந்து வைத்தாள்.

பூவைக் கிள்ளினார். கீழ் இலைகளை எடுத்தார். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை சமையலறை ஜன்னல் திட்டில் கிடத்தி வைத்து, பிறகு மணல் கலந்த மண்ணில் ஊன்றினார். அதோடு அவருடைய கெட்ட காலம் ஆரம்பித்தது. ஊன்றிய குச்சி இலையைத் தொங்கப்போட்டது. படிக்கட்டில் நூறு செடியைத் தொந்தரவு செய்யாமல் தூங்கவிடுகிறவர், இந்த ஒன்றை வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் குனிந்து குனிந்து பார்த்தார். தண்ணீர் ஊற்றக் கை துடிக்கும். செம்பை எடுப்பார், வைப்பார். ஊருக்கெல்லாம் சொன்ன உபதேசம் அவர் தலையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

“பிடுங்கிப் பாக்கவா, வேர் விட்டுருக்கான்னு?” என்று மனைவியிடம் யோசனை கேட்டார்.

“வயித்துல இருக்கற பிள்ளைய வெளிய எடுத்துப் பாத்துட்டுத் திரும்ப வைப்பாங்களா? கைய எடுங்க.”

மேலே மாஸ்டரின் ஜன்னலில் நடந்ததோ வேறு. கண்டக்டர் வேலை முடிந்து வரும்போது தெருவிலிருந்தே பார்ப்பார். முதலில் செடி உயர்ந்தது. வெளுத்த, மெல்லிய கழுத்தை நீட்டிக் கண்ணாடியில் முட்டியது. பிறகு இலைகள் மஞ்சளாகின. மாஸ்டர் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி ஜன்னல் விளிம்பில் அடுக்கி வைத்திருந்தார். மெஷின் ஓடும் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது. மனம் கேளாமல் ஒருநாள் படியில் மறித்தார்.

“மாஸ்டர், தண்ணிய மட்டும் கொறச்சுக்கங்க.”

“அவ தினம் ஊத்துவா.”

“அது வெயில் காலத்துல மாஸ்டர்.”

“எனக்கு என்ன தெரியும், அவ எப்ப ஊத்துனா, எப்ப நிறுத்துனான்னு? நான் மெஷினத்தானே பாத்துட்டிருந்தேன்” என்றார் மாஸ்டர். குரலில் கோபம் இல்லை.  கண்டக்டர் ஒதுங்கி வழிவிட்டார்.

கடுங்குளிர் முடிவதற்குள் சமையலறைக் குச்சி ஒரு புது இலையை விரித்தது. கட்டைவிரல் நகமளவு இருக்கும். அன்றைக்குக் கண்டக்டர் பேருந்தில் யாரையும் அதட்டவில்லை என்றும், ஏதோ விபரீதம் என்று எண்ணி இரண்டு பேர் பாதியிலேயே இறங்கிப் போய்விட்டார்கள் என்றும் கேள்வி.

பனி விலகியது. தூங்கியவர்களை எழுப்பும் நாள்கள் வந்தன. அதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. ஒரேயடியாக வெயிலில் தூக்கி வைக்கமாட்டார். தண்ணீரை மெல்ல மெல்லக் கூட்டி, பகலில் வெளியே வைத்து, இரவில் உள்ளே எடுத்து, காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்குவார். கட்டைகளில் பச்சை முளைகள் கிளம்பும். கடைசிப் பனியும் போயிற்று என்று கைப்பிடிக் கம்பி சொன்ன பிறகு, “இறங்குறவங்களுக்கு வழி விடுங்க, வழி விடுங்க” என்று படிக்கட்டு அதிரக் கூவுவார். வீட்டுக்காரர்கள் வந்து அவரவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

இந்த வருஷமும் வந்தார்கள், போனார்கள். “என் செடிக்கு முகமே மாறிப்போச்சு” என்று டீச்சரம்மா சொல்லிவிட்டுப் போனார். படிகள் காலியான பிறகு மேலிருந்து மெதுவாக ஒரு காலடிச் சத்தம் வந்தது. மாஸ்டர், கையில் தொட்டியோடு. தொட்டியில் கறுத்த ஒற்றைத் தண்டு. அதை ஜன்னலோரம், வெளிச்சம் நன்றாக விழும் படியில், பார்த்துப் பார்த்து வைத்தார்.

“கண்டக்டர், இதுக்கு ஓரிடம் கிடைக்குமா?”

கண்டக்டர் குனிந்து நகத்தால் தண்டைக் கீறினார். உள்ளே பச்சை இல்லை. இன்னும் கொஞ்சம் கீழே கீறினார். அங்கேயும் இல்லை.  எழுந்து வீட்டுக்குப் போகத் திரும்பினார். மனைவி அந்தச் சின்னத் தொட்டியோடு வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குளிர்காலம் முழுக்கச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சு ஒன்று அவரிடம் இருந்தது. தொடக்கம், நடு, முடிவு எல்லாம் உள்ள பேச்சு. அது அப்போது காணாமல் போயிற்று.

“மாஸ்டர்… இது டிக்கெட் இல்லாம வந்தது.”

மாஸ்டர் செடியைப் பார்த்தார். அகலமான ஐந்தாறு இலைகள், நுனியில் குனிந்த தலையாய் ஒரு மொட்டுக் கொத்து. ஒரு மொட்டு மட்டும் லேசாக வாய் திறந்திருந்தது. வெளுத்த ரோஜா நிறம். அதில் சிவப்பு நூல்.

“தெரியும்” என்றார் மாஸ்டர்.

“என்ன தெரியும்?”

“நான் தைச்ச மடிப்பு தானா பிரியாது கண்டக்டர். ஊசியால நெம்பிப் பிரிச்சிருந்துச்சு.” விரலால் காற்றில் நெம்பிக் காட்டினார். “ஒரு ஆள் உள்ள நுழைஞ்சா, டேப்பு வைக்காமலே போன தடவைக்கு எவ்வளவு இளைச்சிருக்கான்னு சொல்லுவேன். தினம் பாக்கற செடியில ஒரு கை கொறஞ்சா தெரியாதா?”

கண்டக்டரின் காது மடல்கள் சிவந்தன. “தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?”

“கேட்டா திருப்பிக் குடுத்துருப்பீங்க.”

படிக்கட்டில் வெயில் ஒரு படி கீழே இறங்கியிருந்தது. மாஸ்டர் அந்தச் சின்னத் தொட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“இதுக்கு இனிமே என்ன பண்ணணும்?” என்று கேட்டார் மாஸ்டர்.

கண்டக்டர் மொட்டுக் கொத்துக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். “நுனியக் கிள்ளணும். கிள்ளுனா ரெண்டு பக்கமும் கிளைக்கும். விட்டா ஒத்தக் குச்சியா நெட்டையாப் போயிரும்.”

“மொட்டோடவா?”

“மொட்டோடதான். ஆனா இந்த ஒரு தடவ விட்டுரலாம் மாஸ்டர். பூக்கட்டும். அப்புறமா…”

மாஸ்டர் கழுத்தில் தொங்கிய டேப்பைச் சரிசெய்துகொண்டார். சட்டைப்பையிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தார். தொட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

கண்டக்டர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கத்தரிச் சத்தம் கேட்டதா, கேட்கவில்லையா என்று அவருக்குத் தெளிவாகவில்லை.

“முடிஞ்சுதா மாஸ்டர்?”

பதிலுக்குக் கண்டக்டருடைய சட்டைப்பையின் மூடி மேலே தூக்கப்பட்டது. சில்லென்று ஈரமாக ஏதோ உள்ளே இறங்கியது. திரும்பிப் பார்த்தபோது மாஸ்டர் சின்னத் தொட்டியை ஒரு கையிலும் பழைய தொட்டியை இடுப்பிலுமாக அணைத்துக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை நடைக்குப் பேருந்தில் நிற்க இடமில்லை. வழக்கமாக வருகிறவர்கள் அதட்டலுக்குக் காத்திருந்தார்கள், வரவில்லை. முண்டியடித்து உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் இடம் விட்டு விட்டு, கடைசியில் கண்டக்டர் வெளிப்படியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. மற்றது, மொட்டு நுனி எட்டிப் பார்த்த, பொத்தான் போடாத சட்டைப்பைக்கு முன்னால், யாரும் இடித்துவிடாதபடி குவிந்திருந்தது.